டெட்ராய்ட்டுக் கோமானும் மறைமலைநகர்த் தொழிலாளியும்

மாமல்லபுரத்துக் கடற்கரை ஓரத்திலே தேர்கள் நிற்கின்றன. கல்லிலே குடைந்த தேர்கள்! பல்லவ வேந்தன் பணித்தான், பாறை தேராயிற்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. அந்தத் தேர்கள் ஓரடிகூட நகரவில்லை. வேலையும் முற்றுப்பெறவில்லை. மேலே மெருகு, கீழே கரடுமுரடு. பாதியில் விட்ட பணி என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். பணித்தவன் பெயரை ஊரே சுமந்துகொண்டிருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது!

அங்கிருந்து மேற்கே திரும்பித் திருக்கழுக்குன்றம் கடந்து செங்கற்பட்டு வந்து, திருச்சி நெடுஞ்சாலையிலே சென்னையை நோக்கிச் சென்றால், சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்து வருவது மறைமலைநகர். பல்லாவரத்திலே வாழ்ந்து தனித்தமிழுக்குக் கொடி உயர்த்திய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர். அந்த ஊரிலேயும் ஒரு தேர்ப்பட்டறை உண்டு. ஓடும் தேர் செய்த பட்டறை. 1999ஆம் ஆண்டிலே அங்கே கார்கள் வெளிவரத் தொடங்கின. 2022 ஜூலையிலே கடைசிக் கார் வெளியே வந்தது, கதவு சாத்தப்பட்டது.

யார் சாத்தினார்கள் அந்தக் கதவை? செங்கற்பட்டுக்காரரா? சென்னையிலே கோட்டையில் இருந்தவர்களா? இல்லை, தோழர்களே! கடல் பல கடந்து, அமெரிக்காவிலே டியர்பார்ன் என்னும் ஊரிலே ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையின் மீது ஒரு கணக்கேடு இருக்கிறது. சாத்தியது அந்த ஏடு! அந்த ஏட்டின் முதற்பக்கத்தை எழுதியவர் 1947ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் பெயர்தான் மறைமலைநகர் வாயிலிலே நீல நீள்வட்டத்துக்குள் எழுதப்பட்டிருந்தது. ஹென்றி ஃபோர்டு! அவர் வாழ்க்கையை அறிந்தால் நம் வாயிற்கதவின் கதையும் விளங்கும் என்பதால் எழுத முனைந்தோம்.

1863 ஜூலை 30ஆம் நாள், டெட்ராய்ட் நகருக்கு அருகே ஒரு பண்ணைவீட்டில் பிறந்தார் ஃபோர்டு. தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியானவர். ஏர் பிடிக்கவேண்டிய பிள்ளைக்கு மண்ணிலே மனம் செல்லவில்லை. கடிகாரத்தைக் கண்டால் கை பரபரக்கும். பிரிப்பான், உள்ளே பார்ப்பான், மறுபடியும் பூட்டுவான். 1876ஆம் ஆண்டு அன்னையை இழந்தான். அதே ஆண்டிலே ஒருநாள், குதிரை இழுக்காமல் தானே நகர்ந்துவந்த நீராவி வண்டி ஒன்றைச் சாலையிலே கண்டான். அன்று கண்ட காட்சி ஆயுள் முழுதும் அவனை விடவில்லை.

16 வயதிலே டெட்ராய்ட் சென்று இயந்திரப் பட்டறையிலே வேலை பழகினார். 1891ஆம் ஆண்டு, எடிசன் பெயர் கொண்ட மின்சாரக் கம்பெனியிலே பொறியாளராகச் சேர்ந்தார். பகலெல்லாம் மின்சாரம், இரவெல்லாம் வீட்டின் பின்புறக் கொட்டகையிலே பெட்ரோல் இயந்திரம். 1896 ஜூன் மாதத்திலே முதல் வண்டி உருவாகிவிட்டது, நான்கு சைக்கிள் சக்கரங்களின் மேலே! வெளியே ஓட்டிப் பார்க்கலாம் என்று பார்த்தால், கொட்டகைக் கதவு சிறியது, வண்டி பெரியது. கோடரியை எடுத்தார், செங்கல் சுவரை உடைத்தார், வண்டியை வெளியே கொண்டுவந்தார். அப்படிப்பட்ட பிடிவாதக்காரர்.

முதலில் ஒரு கம்பெனி தொடங்கினார், கலைந்தது. இரண்டாவதாக ஒன்று தொடங்கினார்; பணம் போட்டவர்களோடு பிணங்கி வெளியேறினார். 1903 ஜூன் மாதம், 28,000 டாலர் ரொக்கத்தோடு மூன்றாவது கம்பெனி பிறந்தது. இன்றுவரை நிற்பது அதுதான். இருமுறை வீழ்ந்தவர் மூன்றாம் முறை எழுந்தார் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். தோற்றவனுக்கு மூன்றாவது வாய்ப்பு கிடைக்கும் நாட்டிலே பிறந்திருந்தார் என்பதையும் மறக்கவேண்டாம்.

கார் அந்நாளிலே கனவான்களின் விளையாட்டுப் பொருள். அதைக் குடியானவன் வாசலுக்குக் கொண்டுவர முனைந்தார் ஃபோர்டு. 1908ஆம் ஆண்டு ‘மாடல் டி’ என்னும் கார் வந்தது. விலை 850 டாலர். சேற்றிலே ஓடும், மேட்டிலே ஏறும். பழுதானால் பட்டிக்காட்டுக் கொல்லனே பார்த்துவிடலாம். ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைத்தார். 1920களின் நடுவிலே 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு காலத்திலே அமெரிக்காவில் ஓடிய கார்களில் பாதி அந்த ஒரே வகை. 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடி கார்கள்!

எப்படி முடிந்தது? சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களிலே, கொக்கியில் மாட்டிய உடல் வரிசையாக நகர்ந்து வரும். நின்ற இடத்திலே நின்றபடி ஆளுக்கொரு துண்டாக அறுப்பார்கள். அந்த முறையைத் தலைகீழாக்கினார்கள் ஃபோர்டின் ஆட்கள். அங்கே அறுத்தார்கள், இங்கே கோத்தார்கள். 1913ஆம் ஆண்டு, ஹைலண்ட் பார்க் ஆலையிலே நகரும் வரிசை ஓடத் தொடங்கிற்று. தொழிலாளி வண்டியைத் தேடிப் போகவேண்டாம். வண்டி அவனைத் தேடி வரும். ஒருவன் திருகைச் செருகுவான், அடுத்தவன் முறுக்குவான். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

வண்டிக்கு வேகம் வந்தது, சரி. மனிதனுக்கு என்ன வந்தது? காலை முதல் மாலை வரை அதே திருகு, அதே முறுக்கு! நேற்றுவரை கைவினைஞன்; இன்று வரிசையிலே ஒரு பல்சக்கரம். வந்தவர்கள் ஓடினார்கள். 14,000 பேர் ஆலையில் இருக்கவேண்டுமானால், ஓராண்டிலே 52,000 பேரைச் சேர்க்கவேண்டியிருந்தது. இந்த ஓட்டத்தைத் தடுக்கவே 1914 ஜனவரியில் வந்தது அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பு: நாளொன்றுக்கு ஐந்து டாலர், எட்டு மணி நேர வேலை! அதுவரை கிடைத்ததைப் போல இருமடங்கு. மறுநாளே வாயிலில் ஆயிரமாயிரம் பேர் குவிந்தார்கள். கொட்டும் பனியிலே அவர்கள் மீது தண்ணீர் பாய்ச்சிக் கலைத்தார்கள் என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதி.

உலகம் அவரை வள்ளல் என்றது. உயர்ந்த கூலி நல்லது. அதனை நாம் மறுக்கவில்லை. தொழிலாளியே கார் வாங்கும் நிலை வந்ததே, அதனையும் மறைக்கவில்லை. ஆனால், அந்த ஐந்து டாலரோடு ஒரு நிபந்தனையும் வந்தது. கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வருவான். குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீடு சுத்தமா, குடும்பம் ஒழுங்கா என்று கேட்பான். தேறினால் ஐந்து, தேறாவிட்டால் பழைய கூலி. உழைப்பை விலைக்கு வாங்கியவர், அடுக்களையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்!

கூட்டாளிகளிடமும் அப்படித்தான். இலாபத்தைப் பங்காகப் பிரிக்காமல் ஆலையைப் பெருக்கவும் விலையைக் குறைக்கவும் செலவிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பங்குதாரர்கள் வழக்கு மன்றம் ஏறினார்கள். 1919ஆம் ஆண்டு தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. உடனே என்ன செய்தார்? மற்றவர் பங்குகள் அத்தனையையும் விலை கொடுத்து வாங்கிக் குடும்பத்துக்குள் அடக்கிவிட்டார். அன்று முதல் ஏடும் அவருடையது, எழுதுகோலும் அவருடையது.

பெருஞ்செல்வம் அறிவைப் பெருக்குவதில்லை என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். 1920 முதல் அதிலே யூத மக்களைப் பழித்து வாரந்தோறும் நஞ்சு கக்கினார். பிறப்பைக் காட்டி மனிதனை இழிவு செய்யும் கொடுமையை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை, பட்டவர்கள் நாம்! வழக்கு வந்தபின் 1927ஆம் ஆண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால், 1938ஆம் ஆண்டு, தம் 75ஆம் பிறந்தநாளிலே இட்லரின் அரசு தந்த பதக்கத்தை வாங்கி மார்பிலே அணிந்துகொண்டார். கடிகாரம் பிரிக்கக் கற்ற கைக்கு, மனிதனைச் சமமாகப் பார்க்கும் கண் வாய்க்கவில்லை.

இதற்கிடையே உலகம் மாறியது. வண்ணங்கள் கேட்டார்கள் மக்கள். பல ஆண்டுகளாக அவர் தந்தது கறுப்பு ஒன்றே. எதிர்க்கடைக்காரரான ஜெனரல் மோட்டார்ஸ் ஆண்டுதோறும் புதுவடிவம் தந்தது, தவணையிலே விற்றது. மகன் எட்செல் மாற்றம் வேண்டும் என்றார், தந்தை செவிசாய்க்கவில்லை. கடைசியில் 1927 மே மாதம் ‘மாடல் டி’ நிறுத்தப்பட்டது. புதிய கார் வர ஏறத்தாழ ஆறு மாதங்கள். ஆலை நின்றது, பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். முதலாளி தவறிழைத்தார், தண்டனை தொழிலாளிக்கு. மறைமலைநகர்த் தோழர்களே, இதனைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்!

பிறகு வந்தது பெரும் பொருளாதார மந்தம். 1932 மார்ச் 7ஆம் நாள், வேலையிழந்தோர் ஃபோர்டின் ரூஜ் ஆலையை நோக்கிப் பசிப்பயணம் சென்றார்கள். போலீசும் ஆலையின் காவலரும் சுட்டார்கள். நால்வர் மாண்டனர், ஐந்தாமவர் பின்னர் மாண்டார். 1937 மே மாதம், அதே ஆலையின் வாயிலருகே சங்கத்தின் துண்டறிக்கை தரச் சென்ற வால்ட்டர் ரூத்தரும் தோழர்களும் ஃபோர்டின் அடியாட்களால் அடித்து நொறுக்கப்பட்டார்கள். புகைப்படங்களையும் பறித்தார்கள், ஆனால் ஒருவர் தகடுகளை மறைத்துக் காப்பாற்றினார். உலகம் பார்த்தது, உண்மை வெளிப்பட்டது. மற்றக் கம்பெனிகள் எல்லாம் சங்கத்தோடு கையெழுத்திட்ட பிறகும் ஃபோர்டு மட்டும் அசையவில்லை. 1941 ஏப்ரலில் வேலைநிறுத்தம், ஜூனில் ஒப்பந்தம். கொடுத்தாரா? இல்லை. பெற்றார்கள்! ஐந்து டாலர் அவர் தந்தது. தந்தவர் கையாலேயே எடுத்துவிடக்கூடியது. ஒப்பந்தம் தொழிலாளர் வென்றது. அதை எடுக்க எவராலும் எளிதில் முடியாது.

இன்னுமோர் ஊரின் கதையையும் கேளுங்கள். டயருக்கு ரப்பர் வேண்டுமென்று, 1928ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுக் காட்டிலே ஓர் ஊரையே எழுப்பினார்; தம் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்த நாட்டவர்க்கு அமெரிக்க உணவு, அமெரிக்க நேரம், அமெரிக்க ஒழுங்கு! 1930ஆம் ஆண்டு தொழிலாளர் கொதித்தெழுந்து உணவுக்கூடத்தை உடைத்தார்கள். மரங்களை நோய் தின்றது. 1945ஆம் ஆண்டு அற்ப விலைக்கு அரசிடம் கொடுத்துவிட்டுக் கம்பெனி கப்பலேறியது. அந்த ஊரை ஃபோர்டு ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

1943ஆம் ஆண்டு மகன் எட்செல் மறைந்தார். 1945ஆம் ஆண்டு பேரனிடம் பொறுப்பைக் கொடுத்தார். 1947 ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, ஆற்றிலே வெள்ளம். மாளிகையிலே மின்சாரம் இல்லை. மின்சாரக் கம்பெனியிலே வாழ்வைத் தொடங்கி உலகையே இயந்திரமயமாக்கியவர், சிறு விளக்கொளியிலே கண்மூடினார். வயது 83.

மனிதர் மறைந்தார், ஏடு மறையவில்லை. அந்த ஏட்டிலே நம் நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1926ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் ஃபோர்டு கம்பெனி பதிவாயிற்று. பெட்டிகளிலே வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றார்கள். பாகங்களையும் இங்கேயே செய்யவேண்டும் என்று 1953ஆம் ஆண்டு இந்திய அரசு கொள்கை வகுத்தது. செய்யச் சம்மதமில்லை, புறப்பட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்திலே செங்கற்பட்டுச் சீமையில் கார் செய்தவர் யார்? வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை. 1948ஆம் ஆண்டு தொடங்கிய கம்பெனி. வான்கார்டு, ஹெரால்டு, கெசல் என்று நம்மவர் கைபட்டு வந்த கார்கள்! ஆனால் மூல வரைபடம் இங்கிலாந்தினுடையது. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு டில்லியின் அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கிலாந்திலே 1963ஆம் ஆண்டோடு அந்தப் பெயரே கார்களிலிருந்து மறைந்தது. இங்கே அதனை நம் தொழிலாளர் மேலும் கால் நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்தார்கள். மாருதியும் சப்பானியத் தொழில்நுட்பமும் வந்தபின் பழைய அச்சு தாங்கவில்லை. 1988ஆம் ஆண்டு உற்பத்தி நின்றது. வரைபடம் வாங்கி வாழ்ந்த தொழில், வரைபடம் தந்தவன் ஓய்ந்தபின் எத்தனை நாள் ஓடும்?

1995ஆம் ஆண்டு ஃபோர்டு மீண்டும் வந்தது, மகேந்திராவோடு பாதிக்குப் பாதி கூட்டாக. பிறகு மகேந்திராவின் பங்கு சுருங்க, ஃபோர்டே ஆண்டது. மறைமலைநகரிலிருந்து ஐகான் வந்தது, ஃபிகோ வந்தது, ஈகோஸ்போர்ட் வந்தது. கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றன அந்தக் கார்கள். செங்கற்பட்டுப் பிள்ளைகள் பூட்டிய கார்கள் அவை. ஆனால் உள்நாட்டுச் சந்தையைக் கொரியனும் சப்பானியனும் பிடித்துக்கொண்டார்கள். 2015ஆம் ஆண்டு குசராத்திலே சானந்தில் இன்னொரு பெரிய ஆலை கட்டினார்கள். இரண்டையும் நிரப்ப விற்பனை இல்லை. மகேந்திராவோடு மறுபடியும் கூட்டுச் சேரப் போட்ட திட்டம் 2020 முடிவிலே முறிந்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று கணக்குக் காட்டி, 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். இரு ஆலைகளிலும் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்வு கேள்விக்குறி. 2022ஆம் ஆண்டு மே இறுதியிலே, முறையான இழப்பீடு கேட்டு மறைமலைநகர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலையில் எல்லாம் முடிந்தது.

1927ஐயும் 2022ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வண்டி செய்வது என்ற தீர்மானம் மேசையில். அது பிழைத்துப்போனால் தண்டனை வரிசையில் நின்றவனுக்கு! தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் காரின் உருவம் மாறிற்று, வேகம் மாறிற்று. இது மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 1995இலே ஃபோர்டுக்குத் துணையாக வந்த மகேந்திரா என்ன செய்தது? கற்றது, சொந்தமாக வரைந்தது. செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே அதன் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அதுவும் முதலாளி நிறுவனந்தான். அதற்காக நாம் கொடி பிடிக்கவில்லை. ஆனால், வரைபடம் எங்கே பிறக்கிறதோ அங்கேதான் தொழில் வேரூன்றும் என்பதை இந்த ஒரே சாலை நமக்குக் காட்டுகிறது.

2025 அக்டோபரில் மீண்டும் ஒரு செய்தி வந்தது. மறைமலைநகர் ஆலையிலே ரூ.3,250 கோடி முதலீட்டில் இயந்திரங்கள் செய்வதாகத் தமிழ்நாட்டு அரசோடு ஃபோர்டு உடன்படிக்கை செய்துகொண்டது. 2029ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்றார்கள். வரட்டும், வரவேற்போம். சாத்திய கதவு திறப்பது நல்லதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாலை போடவேண்டாம். உலகம் மின்சாரக் காரை நோக்கி நகர்கிறது. ஃபோர்டின் மனைவி கிளாராவே அந்நாளில் மின்சாரக் கார்தான் ஓட்டினார். எடிசனோடு சேர்ந்து அத்தகைய கார் செய்ய ஃபோர்டும் முயன்று கைவிட்டார். அன்று கைவிட்டது இன்று திரும்பி வருகிறது. நாளை இன்னொரு மாற்றம் வரும். அப்போதும் தெருவுக்கு வருகிறவன் நம்மவன் தானா?

ஆகவே கேட்போம். கதவு சாத்தியபோது வெளியே நின்றவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் புதிய வேலையில் முதல் உரிமை உண்டா? ஆலையை மூடினால் என்ன தரப்படும் என்பது திறக்கும் நாளிலேயே எழுத்தில் வருமா? நிலமும் சலுகையும் நாம் கொடுக்கும்போது, வரைபட மேசையிலே நம் பிள்ளைக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா? சங்கத்தோடு பேச வாயிலைத் திறந்துவைப்பார்களா? இவை இரந்து கேட்கும் கேள்விகள் அல்ல. உழைப்பவன் உரிமையோடு கேட்கும் கேள்விகள்.

மாமல்லபுரத்திலே அரசன் போனான், ஆட்சி போனது, தேர் பாதியில் நின்றது. ஆயினும் இன்றைக்கும் அந்த ஊர்த் தெருக்களிலே காலை முதல் உளிச்சத்தம் கேட்கிறது. பணித்தவன் போனாலும் கைத்திறன் போகாது. மறைமலைநகரின் கைத்திறனும் போய்விடவில்லை. காரைச் செய்யத் தெரிந்துகொண்டோம். கணக்கேட்டைப் படிக்கவும் கற்றுக்கொள்வோம். பிறகு அதிலே எழுதவும் உரிமை கேட்போம்!